கையொப்பம் வேறு, ஒப்புதல் வேறு

(காளஹஸ்தியில் தமிழும் தெலுங்கும் பேசும் தோழர்கள் கூடிய அரங்கில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



தமிழில் ஒப்பம் என்றால் கையெழுத்து. ஒப்புதல் என்றால் மனம் இசைதல். இரண்டும் ஒரே வேரில் கிளைத்த சொற்கள். மனம் ஒப்பிய பிறகே கை ஒப்பமிட வேண்டும் என்னும் நெறி அச்சொற்களுக்குள்ளேயே இருக்கிறது. தெலுங்கில் கையெழுத்துக்குச் 'சந்தகம்' என்றும் சம்மதத்துக்கு 'அங்கீகாரம்' என்றும் தனித்தனிச் சொற்கள் வழங்குகின்றன. சொற்கள் எவ்வாறிருப்பினும், மருத்துவமனைக்குள் நுழைந்தபின் இரு மொழியினரும் படும் பாடு ஒன்றுதான். ஒரு தாள் நீட்டப்படுகிறது. "இங்கே ஒரு கையெழுத்து" என்கிறார்கள். என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டால், "எல்லோரும் போடுவதுதான்" என்பது பதில். உள்ளே உயிருக்குப் போராடும் மனைவியோ மகனோ இருக்கையில் எந்த ஏழை மேற்கொண்டு கேள்வி கேட்பான்?

அந்தத் தாள் யாருக்காக இருக்கிறது என்பதே இன்று நாம் பேச வேண்டிய பொருள். நோயாளி தன் உடலுக்கு என்ன நேரப்போகிறது என்பதை அறிந்து முடிவெடுப்பதற்கான ஆவணம் அது என்கிறது சட்டம். பிற்பாடு வழக்கு வந்தால் நிறுவனம் தன்னைக் காத்துக்கொள்வதற்கான கேடயமாக அதை மாற்றிவைத்திருக்கிறது நடைமுறை. இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட தூரத்தில் மாட்டிக்கொண்டு துன்புறுவோர் உழைப்பாளி மக்களே. ஒருங்கிணைந்த ஆந்திரப் பிரதேசத்தில் நடந்த நிகழ்ச்சி ஒன்றே இதற்குப் போதிய சான்று.

கம்மத்தில் நடந்தது

2009 ஜூலையில், இன்று தெலங்கானாவில் உள்ள அன்றைய கம்மம் மாவட்டத்தில், கருப்பைவாய்ப் புற்றுநோய்க்கு எதிரான எச்பிவி தடுப்பூசி 10 முதல் 14 வயது வரையிலான சிறுமியருக்குச் செலுத்தப்பட்டது. பத்ராசலம், கொத்தகூடம், திருமலாயபாலம் ஆகிய மூன்று மண்டலங்களில் ஏறத்தாழ 14,000 சிறுமியர். அடுத்துக் குஜராத்தின் வதோதரா மாவட்டத்தில் ஏறத்தாழ 10,000 சிறுமியர். நடத்தியது பாத் என்னும் அமெரிக்கத் தன்னார்வ நிறுவனம். உடன் நின்றது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம். நிதி வழங்கியது கேட்ஸ் அறக்கட்டளை. தடுப்பூசிகளைத் தந்தவை அவற்றைத் தயாரிக்கும் பன்னாட்டு மருந்து நிறுவனங்கள். கம்மத்துச் சிறுமியரில் பலர் பழங்குடிக் குழந்தைகள். வீட்டைவிட்டு விலகி, அரசின் ஆசிரமப் பள்ளி விடுதிகளில் தங்கிப் படித்தவர்கள்.

சில சிறுமியரின் மரணச் செய்திகள் வெளிவந்தன. பெண்கள் நல அமைப்புகள் நேரில் சென்று விசாரித்தன. அன்று மாநிலங்களவை உறுப்பினராக இருந்த தோழர் பிருந்தா காரத் இதனை ஒன்றிய அரசின் முன் வலுவாக எழுப்பினார். 2010 ஏப்ரலில் திட்டம் நிறுத்தப்பட்டது. ஆந்திரத்திலும் குஜராத்திலுமாக ஏழு சிறுமியர் இறந்திருந்தனர். அம்மரணங்களுக்கும் தடுப்பூசிக்கும் தொடர்பு இருப்பதாகத் தெரியவில்லை என்பது அரசு அமைத்த விசாரணைக் குழுவின் முடிவு.

இங்கே நாம் தெளிவாக இருக்க வேண்டும். தடுப்பூசிகளுக்கு எதிரான மூடப் பிரச்சாரத்தில் நமக்குப் பங்கில்லை. கருப்பைவாய்ப் புற்றுநோய் நம் நாட்டுப் பெண்களை, அதிலும் ஏழைப் பெண்களைப் பெருமளவில் கொல்லும் நோய். அதனைத் தடுக்கும் ஊசி, அறிவியல் மக்களுக்கு அளித்த கொடை. ஊசி நல்லதா கெட்டதா என்பதன்று நாம் எழுப்பும் கேள்வி. அதைச் செலுத்திக்கொள்ளச் சம்மதித்தவர் யார் என்பதுதான்.

நாடாளுமன்றத்தின் சுகாதார நிலைக்குழு 2013 ஆகஸ்ட் 30 அன்று தன் 72ஆவது அறிக்கையை முன்வைத்தது. ஆந்திரத்தின் ஒப்புதல் படிவங்களைப் பற்றி அதில் காணப்படும் எண்களைக் கவனியுங்கள். ஆராயப்பட்ட படிவங்கள் 9,543. அவற்றுள் கைநாட்டு வைக்கப்பட்டவை 1,948. விடுதிக் காப்பாளர்கள் கையெழுத்திட்டவை 2,763. ஏறத்தாழப் பாதிப் படிவங்கள் இவ்விரு வகையைச் சேர்ந்தவை. மாதிரிக்கு எடுத்துப் பார்த்த 100 படிவங்களில் 69இல் சாட்சியின் கையெழுத்தே இல்லை. பலவற்றில் தேதி இல்லை.

கைநாட்டு வைப்பது இழிவன்று. எழுத்தறிவு மறுக்கப்பட்ட மனிதரின் கைநாட்டுக்கும் கையெழுத்துக்கு உள்ள மதிப்பு உண்டு. ஆனால் அதற்கு ஒரு நிபந்தனை இருக்கிறது. அவருக்குப் புரியும் மொழியில் அத்தாள் வாசித்துக் காட்டப்பட வேண்டும். அது வாசிக்கப்பட்டதைத் திட்டத்தோடு தொடர்பில்லாத ஒரு சாட்சி உறுதிசெய்ய வேண்டும். சாட்சி இல்லாத கைநாட்டு வெறும் மைக்கறை. காப்பாளரின் கையெழுத்தோ அதனினும் மோசம். காப்பாளர் குழந்தைக்குச் சோறும் படுக்கையும் உறுதிசெய்ய நியமிக்கப்பட்ட அரசு ஊழியர். அவர் பெற்றோர் அல்லர். சட்டப்படியான பாதுகாவலரும் அல்லர். மேலதிகாரி அனுப்பிய சுற்றறிக்கைக்குக் கீழ்ப்படிந்து அவர் இட்ட கையெழுத்து, கோயா வீட்டுத் தாய் ஒருத்தியின் முடிவாக எப்படி ஆகும்?

திட்டத்தை நடத்தியவர்கள் இதைச் 'செயல்விளக்கத் திட்டம்' என்று அழைத்தார்கள். மனிதர்கள்மீது நடத்தும் மருத்துவ ஆய்வுகளுக்குரிய விதிகள் இதற்குப் பொருந்தா என்பதை நிலைக்குழு ஏற்கவில்லை. மருந்து நிறுவனங்களின் வணிக நலனே இதன் நோக்கம் என்று கடுமையாகச் சாடியது. தீய விளைவுகளைக் கண்காணிக்கப் போதிய ஏற்பாடு இல்லை என்றும் கூறியது. பாத் நிறுவனம் இக்குற்றச்சாட்டுகளை மறுத்தது. இவ்விவகாரம் உச்சநீதிமன்றம் சென்றபோது, நாடாளுமன்றக் குழுவின் அறிக்கையை நீதிமன்றம் பார்க்கலாமா என்ற கேள்வியே ஐந்து நீதிபதிகள் அமர்வுக்குப் போனது. பார்க்கலாம் என்று 2018 மே 9 அன்று அவ்வமர்வு தீர்ப்பளித்தது.

பெருநகரங்களின் கட்டணப் பள்ளிகளில் இவ்வாறு நடந்திருக்குமா? தலைமையாசிரியர் ஒருவர் 200 மாணவியருக்குத் தாமே கையெழுத்திட்டு ஊசிக்கு அனுப்பியிருந்தால் மறுநாள் காலை அப்பள்ளி திறந்திருக்குமா? ஆய்வுக்குரிய உடல்கள் எங்கே எளிதில் கிடைக்கும் என்பது மூலதனத்துக்குத் தெரியும். தாய் தந்தையர் தொலைவில் இருக்கும் இடம், எழுத்தறிவு இல்லாத இடம், அரசு அதிகாரி சொன்னால் தட்டாத இடம் என்று தேடிப்போகிறது.

இவ்வூருக்கென்று ஒரு பழங்கதை உண்டு. காளத்தி மலையில் கண்ணப்பர் தம் கண்ணைத் தாமே அகழ்ந்து அப்பினார் என்கிறது பெரியபுராணம். பக்தியை நம்புவோர் நம்பட்டும். அந்த வேடர் எதைத் தருகிறார், எதற்காகத் தருகிறார் என்பதை அறிந்தே தந்தார் என்றுதான் கதையும் சொல்கிறது. ஒரு வேடரின் அறிந்த முடிவைப் போற்றிக் கோயில் கொண்ட நாட்டில், பழங்குடிச் சிறுமியரின் பெற்றோருக்கு ஒரு சொல் கேட்கும் மரியாதையும் கிடைக்கவில்லை.

சட்டம் என்ன சொல்கிறது?

ஒப்புதல் பற்றிய முதன்மையான தீர்ப்பு சமீரா கோலி வழக்கில் 2008 ஜனவரி 16 அன்று உச்சநீதிமன்றம் வழங்கியது. ஒரு பெண் நோயறியும் சோதனைக்காக மட்டும் சம்மதித்து மயக்கமருந்துக்கு உட்பட்டார். அவர் மயக்கத்தில் இருக்கையில், வெளியே காத்திருந்த தாயிடம் கையெழுத்துப் பெற்று, கருப்பையும் சினைப்பைகளும் அகற்றப்பட்டன. மருத்துவர் நல்லெண்ணத்தோடுதான் செய்தார் என்பது எதிர்வாதம். உச்சநீதிமன்றம் ஏற்கவில்லை. வயதுவந்து, சுயமாக முடிவெடுக்க வல்ல ஒருவருக்காகத் தாய் உட்பட வேறெவரும் சம்மதம் தர இயலாது. சோதனைக்குத் தந்த சம்மதம் அறுவை சிகிச்சைக்குத் தந்த சம்மதம் ஆகாது. உயிருக்கு உடனடி ஆபத்து என்றாலன்றி, அனுமதியற்ற அறுவை உடல்மீதான அத்துமீறலே என்று தீர்ப்புக் கூறியது.

சிகிச்சையின் தன்மை, அதன் நோக்கமும் பயனும், நேரக்கூடிய தீங்குகள், வேறு வழிகள் உண்டா, சிகிச்சையை மறுத்தால் என்ன ஆகும் என்னும் ஐந்தையும் நோயாளி அறிய வேண்டும் என்றும் அத்தீர்ப்பு வகுத்தது. தோழர்கள் இந்த ஐந்தையும் விரல்விட்டு எண்ணி நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறேன்.

எனினும் அத்தீர்ப்பில் நாம் விவாதிக்க வேண்டிய இடம் ஒன்று இருக்கிறது. எவ்வளவு தகவல் சொன்னால் போதும் என்பதை யார் அளப்பது? நோயாளி தெரிந்துகொள்ள விரும்புவதே அளவு என்பது அமெரிக்க நீதிமன்றங்கள் சில வகுத்த நெறி. மருத்துவர் குழாம் வழக்கமாகச் சொல்வதே போதும் என்பது அன்றைய பிரிட்டிஷ் நெறி. நம் நீதிமன்றம் இரண்டாவதைத் தேர்ந்தது. அதற்குக் கூறிய காரணங்களுள் ஒன்று, இந்திய நோயாளிகளில் பெரும்பாலோர் வறியவர்கள், எழுத்தறிவு குறைந்தவர்கள் என்பது. வறுமை கூடுதல் பாதுகாப்புக்குக் காரணமாக வேண்டும். இங்கோ அது குறைவான தகவலுக்குக் காரணமாயிற்று. பிரிட்டிஷ் உச்சநீதிமன்றமே 2015இல் மான்ட்கோமரி வழக்கில் தன் பழைய நெறியைக் கைவிட்டு, நோயாளியின் நிலையிலிருந்து பார்க்கத் தொடங்கிவிட்டது. நாம் இன்னும் பழைய இடத்தில் நிற்க வேண்டியதில்லை.

ஏழைகள் எழுதப் படிக்கத் தெரியாதிருக்கலாம். புரிந்துகொள்ளத் தெரியாதவர்கள் அல்லர். எந்த மண்ணில் எந்த விதை, எந்த மாட்டுக்கு எந்த நோய் என்று ஆயிரம் முடிவுகளை ஆய்ந்து எடுப்பவர்கள் அவர்கள். சொல்வோர் சொல்லும் மொழியில்தான் குறை இருக்கிறது.

பெண்களின் உடலும் அரசின் இலக்கும்

2012 ஜனவரி 7 அன்று பீகாரின் அராரியா மாவட்டத்தில் ஒரு பள்ளிக் கட்டடத்தில் 53 பெண்களுக்கு ஒரே இரவில் கருத்தடை அறுவை செய்யப்பட்டது. அதனை எதிர்த்துத் தொடுக்கப்பட்ட வழக்கு நிலுவையில் இருக்கும்போதே, 2014 நவம்பரில் சத்தீஸ்கரின் பிலாஸ்பூரில் ஒரே மருத்துவர் சில மணி நேரத்தில் 83 பெண்களுக்கு அறுவை செய்தார். அப்பகுதி முகாம்களில் அறுவை செய்துகொண்டவர்களுள் 13 பெண்கள் மாண்டனர். 2016 செப்டம்பர் 14 அன்று தேவிகா பிஸ்வாஸ் வழக்கில் உச்சநீதிமன்றம் இம்முகாம்களை மூன்றாண்டுகளுக்குள் முடிவுக்குக் கொண்டுவரப் பணித்தது. மறைமுகமாகக்கூட இலக்கு விதிக்கலாகாது என்றது. படிவத்தில் உள்ளவற்றை அப்பெண்ணுக்குப் புரியும் மொழியில் விளக்க வேண்டும். விளக்கிய பின் யோசிப்பதற்கு அவகாசம் தர வேண்டும். அதன் பிறகே கையெழுத்துப் பெற வேண்டும் என்றும் ஆணையிட்டது.

மொழிபெயர்ப்பையே பணியாகக் கொண்டவன் என்ற முறையில் அந்த ஆணையை நான் பெரிதாக மதிக்கிறேன். புரியும் மொழி என்பது தமிழ் எழுத்திலோ தெலுங்கு எழுத்திலோ அச்சடித்துவிடுவது மட்டுமன்று. 'நிரந்தரக் கருத்தடைக்குப் பின் இனப்பெருக்கத் திறன் மீளாது' என்று எழுதினால் அது தமிழ்தான்; கேட்பவருக்குப் போய்ச் சேராது. 'இந்த ஆபரேஷனுக்குப் பிறகு உனக்கு இனிக் குழந்தை பிறக்காது அம்மா' என்றால் சேரும். 'சிக்கல்கள் நேரிடக்கூடும்' என்பது மறைக்கும் சொல். 'இரத்தம் நிற்காமல் போகலாம், மறுபடி வயிற்றைத் திறக்க வேண்டி வரலாம்' என்பது திறந்த சொல்.

இந்த எல்லைப் பகுதியில் இதன் தேவை இரட்டிப்பாகும். சத்தியவேட்டிலும் நகரியிலும் வாழும் தமிழர் திருப்பதி மருத்துவமனைகளுக்குப் போகிறார்கள். காளஹஸ்தியின் தெலுங்கர் வேலூருக்கும் சென்னைக்கும் போகிறார்கள். ஒரு மாநிலத்தின் ஆட்சிமொழி மற்றவருக்கு வாசிக்க வராத எழுத்து. இருவருக்கும் பொதுவாக நீட்டப்படுவதோ ஆங்கிலப் படிவம். இரு மொழியிலும் எளிய படிவம், இரு மொழியும் அறிந்த ஓர் ஊழியர்: இவ்விரண்டையும் எல்லை மாவட்டங்களின் எல்லா அரசு மருத்துவமனைகளிலும் கேட்டுப் பெறுவது நம் இயக்கத்தின் பணி.

காக்கும் கடமை யாருடையது?

ஒப்புதல் பெற்றுவிட்டால் மருத்துவமனையின் பொறுப்பு முடிந்தது என்ற எண்ணமும் தவறானது. எத்தனை கையெழுத்து இட்டிருப்பினும், கவனக்குறைவுக்கு எவரும் சம்மதம் தந்துவிடவில்லை. 1989இல் பரமானந்த கட்டாரா வழக்கில், விபத்தில் அடிபட்டவருக்குக் காவல்துறை நடைமுறைகளுக்குக் காத்திராமல் உடனடிச் சிகிச்சை தருவது அரசு, தனியார் என்ற வேறுபாடின்றி ஒவ்வொரு மருத்துவரின் கடமை என்று உச்சநீதிமன்றம் கூறியது. 1995 நவம்பர் 13 அன்று வி.பி.சாந்தா வழக்கில், கட்டணம் பெறும் மருத்துவச் சேவை நுகர்வோர் சட்டத்துக்கு உட்பட்டது என்று தீர்ப்பாயிற்று. சிலரிடம் கட்டணம் பெற்றுச் சிலருக்கு இலவசமாகச் செய்யும் மருத்துவமனையில், அந்த இலவச நோயாளிக்கும் இவ்வுரிமை உண்டு. காப்பீட்டு நிறுவனம் பணம் கட்டினாலும் அது இலவசச் சேவை ஆகாது. அனைவருக்கும் முற்றிலும் இலவசமாகச் சிகிச்சை தரும் அரசு மருத்துவமனை அச்சட்டத்துக்கு வெளியே நின்றது.

அவ்வாறெனில் அரசு மருத்துவமனையின் நோயாளிக்கு என்ன வழி? 1992 ஜூலையில் மேற்கு வங்கத்தில் ரயிலிலிருந்து விழுந்து தலையில் அடிபட்ட ஒரு விவசாயத் தொழிலாளி, படுக்கை இல்லை, வசதி இல்லை என்று ஒன்றன்பின் ஒன்றாக அரசு மருத்துவமனைகளால் திருப்பி அனுப்பப்பட்டு, இறுதியில் தனியார் மருத்துவமனையில் 17,000 ரூபாய் செலவழித்து உயிர் பிழைத்தார். அவருடைய சங்கம் வழக்காடியது. 1996 மே 6 அன்று உச்சநீதிமன்றம், உரிய நேரத்தில் சிகிச்சை தராமை அரசியல் சட்டத்தின் 21ஆவது பிரிவு தரும் உயிர்வாழும் உரிமையை மீறுவதாகும் என்றும், நிதி இல்லை என்பது சாக்காகாது என்றும் கூறி, 25,000 ரூபாய் இழப்பீடு வழங்கச் செய்தது. அன்று அம்மாநிலத்தில் இருந்தது இடது முன்னணி அரசு என்பதை நாம் மறைக்க வேண்டியதில்லை. ஆட்சி எவருடையதாயினும் கடமை ஒன்றே என்பதுதான் அத்தீர்ப்பின் பொருள்.

நம் அருகிலேயே நடந்ததை எண்ணிப்பாருங்கள். 2021 மே 10 இரவு திருப்பதி ரூயா அரசு மருத்துவமனையில் ஆக்சிஜன் வழங்கல் தடைப்பட்டது. தமிழ்நாட்டிலிருந்து வர வேண்டிய டேங்கர் தாமதமாயிற்று. கோவிட் நோயாளிகள் 11 பேர் உயிரிழந்ததாக மாவட்ட நிர்வாகம் அறிவித்தது. அங்கு ஓடியோடி உழைத்த மருத்துவரையும் செவிலியரையும் குற்றக் கூண்டில் நிறுத்திவிட்டால் கணக்குத் தீர்ந்துவிடுமா? பல நூறு உயிர்களைத் தாங்கும் குழாயில் சில நிமிடங்கள் காற்று நின்றாலும் மாற்று ஏற்பாடு இல்லை என்றால், அந்தக் கடமை தவறியது அமைப்பு. காக்கும் கடமை படுக்கையருகே நிற்பவரோடு தொடங்கி, நிதி ஒதுக்குபவர் வரை நீள்கிறது.

ஆகவேதான் மருத்துவர்கள்மீதான வன்முறையை நாம் ஏற்பதில்லை. 2005 ஆகஸ்டில் ஜேக்கப் மாத்யூ வழக்கில், கொடிய கவனக்குறைவு இருந்தாலன்றி மருத்துவரைக் குற்றவியல் வழக்கில் இழுக்கலாகாது. அதற்கு முன் தகுதிவாய்ந்த வேறொரு மருத்துவரின் கருத்தைப் பெற வேண்டும் என்று உச்சநீதிமன்றம் நெறி வகுத்தது. இது நியாயமான நெறியே. ஒரு நாளில் நூற்றுக்கணக்கான புறநோயாளிகளைப் பார்க்கும்படி விடப்பட்ட மருத்துவரால் அந்த ஐந்து செய்திகளையும் எவருக்குத்தான் விளக்க முடியும்? காலியிடங்களை நிரப்பாமல், மருத்துவத்தைத் தனியாரிடம் ஒப்படைத்துவிட்டு, ஒப்புதலைப் பற்றிச் சுற்றறிக்கை அனுப்புவதால் பயனில்லை. நேரம் இருந்தால்தான் விளக்கம் இருக்கும். ஆள் இருந்தால்தான் நேரம் இருக்கும்.

நாம் செய்ய வேண்டியவை

அவசரமல்லாத அறுவைக்கான படிவத்தை முன்னதாகவே, நோயாளியின் மொழியில், வீட்டாரோடு கலந்து பேச அவகாசத்துடன் தர வேண்டும் என்று வற்புறுத்துவோம். நிரப்பப்படாத வெற்றுப் படிவத்தில் கையெழுத்திட மறுக்கும் துணிவை மக்களுக்குத் தருவோம். கைநாட்டு வைப்பவர் அருகே மருத்துவமனையைச் சேராத ஒரு சாட்சி நிற்கட்டும். அந்தச் சாட்சியாக நம் கிளைத் தோழர் ஒருவர் நிற்கலாமே. மருத்துவப் பதிவேடுகளைக் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்று 2002ஆம் ஆண்டு மருத்துவ ஒழுக்க விதிகள் கூறுவதை ஒவ்வொரு சங்க அலுவலகத்திலும் எழுதி வைப்போம். புதிய மருந்து ஆய்வுக்கென யாரேனும் ஊருக்குள் வந்தால், 2019ஆம் ஆண்டு விதிகளைக் கையில் எடுத்துக்கொண்டு எதிரே நில்லுங்கள். எளிதில் ஏமாற்றப்படக்கூடிய நிலையில் உள்ளோரை முற்றிலும் புதிய மருந்தின் ஆய்வில் சேர்க்கும்போது, விளக்கம் சொன்னதும் அவர் புரிந்துகொண்டதும் ஒலி-ஒளிப் பதிவாக வேண்டும் என்கின்றன அவ்விதிகள். அந்த விதி தானாக வந்ததன்று. பாதிக்கப்பட்டோரும் மக்கள் அமைப்புகளும் பல்லாண்டு போராடியதால் வந்தது.

கம்மத்தின் 2,763 படிவங்களில் கையெழுத்து இருந்தது, ஒப்புதல் இல்லை. அக்காகிதங்களைப் பார்த்த அதிகாரிகளுக்கு அந்த வேறுபாடு கண்ணில் படவில்லை; கேள்வி கேட்ட மக்களுக்குப் பட்டது. இனி அந்தக் கேள்வி, ஊசி போட்ட பிறகு அன்று, தாள் நீட்டப்படும் கணத்திலேயே எழ வேண்டும். கேட்கும் நோயாளிக்குப் பக்கத்தில் நாம் நிற்போம்.